வல்லத்திலிருந்து லாடெக் வரை: முகப்புப் பக்கம் வந்த வழி

செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் வல்லம் என்றொரு சிற்றூர். அங்குள்ள குன்றில் முதலாம் மகேந்திரவர்மன் காலத்துக் குடைவரை ஒன்று இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கம். அதன் முகப்பில் தமிழில் ஒரு கல்வெட்டு. சத்துருமல்லன், குணபரன் என்று பட்டம் பூண்ட மயேந்திரப் போத்தரசனின் அடியான் வயந்தப்பிரி அரசர். அவர் மகன் கந்தசேனன். அவன் செய்வித்த தேவகுலம் இது. கல்வெட்டு சொல்வது இவ்வளவுதான். கதையில்லை, வருணனையில்லை. யாருடைய ஆட்சி, யார் வழிவந்தவன், யார் செய்வித்தது, செய்வித்தது என்ன என்று நான்கு செய்திகள் ஒரே மூச்சில் வந்துவிடுகின்றன.

அங்கிருந்து கிழக்கே கடற்கரைக்குப் போய்த் தெற்கே திரும்பினால் கல்பாக்கம். அங்கே இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் முனைவர் பட்டத்துக்கு உழைக்கும் மாணவர் தம் ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் எழுதுவதும் ஏறக்குறைய இதே நான்குதான்: ஆய்வின் தலைப்பு, தம் பெயர், எந்தப் பட்டத்துக்காக ஹோமி பாபா தேசிய நிறுவனத்தில் சமர்ப்பிக்கப்படுகிறது என்பது, கடைசியில் மையத்தின் பெயரும் மாதமும் ஆண்டும். கந்தசேனனுக்குக் கல்தச்சன் இருந்தான். இந்த மாணவருக்கு லாடெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருள் இருக்கிறது. இடைப்பட்ட ஆயிரத்து நானூறு ஆண்டுகளில் இந்தப் பக்கம் எங்கெங்கோ சுற்றியிருக்கிறது.

ஓலைச்சுவடிக் காலத்தில் அது முன்னால் இல்லவே இல்லை. நூலின் பெயரும், முடிந்தது என்ற குறிப்பும், படியெடுத்தவர் பெயரும், எழுதி முடித்த நாளும் பெரும்பாலும் கடைசி ஏட்டில்தான் கிடைக்கும். சுவடியைப் பிரித்துக் கடைசிவரை போனால்தான் கையில் இருப்பது இன்னதென்று உறுதியாகும். ஐரோப்பாவிலும் தொடக்ககால அச்சு நூல்கள் அப்படியே. அச்சிட்டவர், ஊர், ஆண்டு எல்லாம் கடைசிப் பக்கத்தில் இருந்தன. 1476இல் வெனிஸ் நகரில் எர்ஹார்ட் ராட்டோல்ட் அச்சிட்ட ரெஜியோமொன்டானஸின் பஞ்சாங்கத்தில்தான் தலைப்பும் அச்சிட்டவர் பெயர்களும் ஆண்டும் அலங்காரக் கரையோடு ஒரு முழு முகப்பாக முன்னால் வந்து நின்றன. அச்சிட்ட தாள்கள் கட்டப்படாமல் கடைக்கடையாகப் போன காலம் அது. மேல்தாளில் பெயர் இல்லாவிட்டால் கட்டு எது, கழிவு எது என்று தெரியாது. அந்த வியாபாரத் தேவைதான் முகப்புப் பக்கத்தை முன்னுக்குத் தள்ளியது.

தமிழுக்கு அது கொல்லம் வழியாக வந்தது. 1578 அக்டோபரில் ஹென்ரிக் ஹென்ரிக்கஸ் பாதிரியார் தமிழ் எழுத்தில் அச்சிட்ட 'தம்பிரான் வணக்கம்' பதினாறே பக்கங்கள் கொண்டது. பிறகு நெடிய இடைவெளி. 1713இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்த தமிழ் எழுத்துகள் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தன; சீகன்பால்கு 1715இல் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார். ஹாலேயில் வார்த்த எழுத்து அளவில் பெரியது, காகிதமோ கிடைப்பதரிது. அதனால் தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்த்துக்கொண்டார்கள். தமிழ் முகப்புப் பக்கத்தில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் கலந்து நிற்க வழி பிறந்தது இந்த நெருக்கடியில்தான் என்று நான் நினைக்கிறேன். ஒரே அளவு எழுத்தை வைத்துக்கொண்டு எது தலைப்பு, எது பெயர் என்று கண்ணுக்குக் காட்ட முடியாது.

1835இல் இந்தியர்கள் அச்சகம் நடத்துவதற்கு இருந்த கட்டுகள் தளர்ந்ததும் சென்னையில் தமிழ் நூல்கள் பெருகின. அந்த நூற்றாண்டின் முகப்புகளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அவற்றின் நடை மறக்காது. உச்சியில் பிள்ளையார் சுழியோ கடவுள் துணையோ இருக்கும். நடுவில் பருத்த எழுத்தில் நூலின் பெயர். அதன் கீழ் 'இஃது' என்று தொடங்கி, இன்னார் இயற்றியது, இன்ன வித்துவானால் பரிசோதிக்கப்பட்டது, இன்னாருடைய பொருளுதவியால் இன்ன அச்சுக்கூடத்தில் பதிப்பிக்கப்பட்டது என்று மூச்சுவிடாமல் ஓடும் ஒரே வாக்கியம். வரிகள் நடுவில் கூடி, கீழே போகப்போகக் குறுகும். அடியில் தமிழ் வருஷப் பெயர், ஆங்கில ஆண்டு, சில நூல்களில் விலை. உழைத்தவர், பணம் போட்டவர், பிழை பார்த்தவர் எல்லோருக்கும் அதில் இடம் உண்டு. இன்றைய புத்தக முகப்புகள் அழகாக இருக்கலாம். பிழை பார்த்தவருக்கு அவற்றில் இடமில்லை.

அந்தப் பக்கத்தில் ஒரு பெயரை எப்படிப் போடுவது என்பது எவ்வளவு பெரிய காரியம் என்பதற்குத் திருவருட்பாவின் முதல் பதிப்பைவிடச் சிறந்த சான்று எனக்குத் தெரியாது. பாடல்களைத் தொகுத்து அச்சேற்ற இறுக்கம் இரத்தின முதலியாரும் தொழுவூர் வேலாயுத முதலியாரும் முயன்றபோது, தம்மை 'இராமலிங்கசாமி' என்று குறிப்பதில் தமக்குச் சம்மதமில்லை என்று வள்ளலார் கடிதம் எழுதினார். அது ஆரவாரமான பெயராகத் தோன்றுகிறது என்பது அவர் சொன்ன காரணம். 1867இல் நூல் வெளிவந்தபோது முகப்பில் 'சாமி' இல்லை. சிதம்பரம் இராமலிங்க பிள்ளை என்றிருந்தது. ஆனால் அதற்கு முன்னால் 'திருவருட்பிரகாச வள்ளலார்' என்ற அடைமொழியை வேலாயுத முதலியார் சேர்த்திருந்தார். இன்று உலகம் அவரை அழைப்பது அந்த அடைமொழியின் பின்பாதியால்தான். எழுதியவர் மறுத்ததும், பதிப்பித்தவர் வைத்ததும், மக்கள் எடுத்துக்கொண்டதும் ஒரு முகப்பின் சில வரிகளுக்குள் நடந்திருக்கின்றன. ஆய்வேட்டின் முதல் பக்கத்தை அரைமணி நேரத்தில் முடித்துவிடலாம் என்று நினைக்கும் எந்த மாணவருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

ஈய எழுத்து இருந்தவரை இந்தப் பக்கம் கம்போசிட்டரின் கையில் இருந்தது. தலைப்பு இரண்டு வரிக்குப் போனால் எந்தச் சொல்லில் உடைப்பது, எந்த வரிக்கு நடுவில் எத்தனை ஈயப் பட்டை செருகுவது என்பதெல்லாம் அவர் முடிவு. ஈயம் போய் ஒளி அச்சுக்கோப்பு வந்தபோது அந்தக் கைத்திறன் ஓரிடத்திலும் எழுதி வைக்கப்படாமலே நழுவத் தொடங்கியது. அதைப் பார்த்துப் பதறியவர்களில் ஒருவர் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் டொனால்ட் கனூத். 1977இல் அவருடைய 'தி ஆர்ட் ஆஃப் கம்ப்யூட்டர் புரோகிராமிங்' நூலின் இரண்டாம் தொகுதி, மறுபதிப்புக்காகப் புதிய முறையில் கோக்கப்பட்டு மெய்ப்பாக வந்தது. பழைய பதிப்பின் அழகு அதில் இல்லை. மற்ற வேலைகளை ஒதுக்கிவைத்துவிட்டு, அச்சுக்கோப்பின் விதிகளையே நிரலாக எழுத உட்கார்ந்தார். சில மாத வேலை என்று தொடங்கியது பத்தாண்டைத் தாண்டியது. அப்படிப் பிறந்தது டெக். 1980களில் லெஸ்லி லாம்போர்ட் அதன்மேல் எளிய ஆணைகளைக் கட்டி லாடெக்கை உருவாக்கினார். 1994 முதல் இன்றைய வடிவம் புழக்கத்தில் இருக்கிறது.

டெக்கில் எழுதும் கோப்பு வெறும் எழுத்துக்கோப்பு. பக்கம் எப்படி இருக்க வேண்டும் என்பதைச் சொற்களாலேயே சொல்லிவிடுகிறோம். பக்கத்தைக் கட்டுவது நிரலின் பொறுப்பு. கம்போசிட்டர் மனதில் வைத்திருந்த முடிவுகள் இதனால் முதன்முறையாகப் பிறர் படிக்கக்கூடிய, திருத்தக்கூடிய, அடுத்தவருக்குக் கொடுக்கக்கூடிய வரிகளாயின. முப்பது ஆண்டுகளுக்கு முன் எழுதிய கோப்பைக்கூடப் பெரும்பாலும் இன்றும் ஓட்டிப் பக்கமாக்கலாம். இந்த உறுதியை வேறெந்தச் சொற்செயலியும் எனக்குத் தந்ததில்லை.

செங்கல்பட்டுச் சீமைக்கும் லாடெக்குக்கும் உள்ள உறவு நெருக்கமானது. கணிதமேதை சி. எஸ். சேஷாத்ரி காஞ்சிபுரத்தில் பிறந்து செங்கல்பட்டில் பள்ளிப்படிப்பை முடித்தவர். லயோலா கல்லூரி, மும்பையின் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், பாரிஸ் என்று போய், எம். எஸ். நரசிம்மனோடு சேர்ந்து 1965இல் வெளியிட்ட தேற்றத்தால் உலகப்புகழ் பெற்றார். 1989இல் அவர் சென்னையில் தொடங்கிய கணிதப் பள்ளிதான் சென்னை கணிதக் கழகமாக வளர்ந்து, 2005இல் செங்கல்பட்டு மாவட்டத்துச் சிறுசேரிக்குக் குடிபெயர்ந்தது. கணிதம் எழுதுகிறவர்களுக்கு உலகெங்கும் லாடெக்தான் எழுதுகோல், சிறுசேரிக்கும் அதுவே. இன்னொரு செய்தியும் உண்டு. மாமல்லபுரத்தைத் தொட்டுக்கொண்டு போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே சென்னை, தெற்கே புதுச்சேரி. இரண்டு ஊர்களிலும் மேல்நாட்டு அறிவியல் பதிப்பகங்களுக்கு அச்சுக்கோத்துக் கொடுக்கும் நிறுவனங்கள் இயங்குகின்றன. ஆக்ஸ்ஃபோர்டிலோ நியூயார்க்கிலோ வெளியாகும் ஒரு நூலின் முகப்பைப் புரட்டி அதன் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்துப் பாருங்கள். அச்சுக்கோப்பு சென்னை, இந்தியா என்றோ புதுச்சேரி, இந்தியா என்றோ பலமுறை கண்ணில் படும்.

இனி அந்தப் பக்கத்துக்குள் போவோம்.

லாடெக்கில் 'ரிப்போர்ட்' என்ற ஆவண வகையைத் தேர்ந்து, தலைப்பு, ஆசிரியர், தேதி மூன்றையும் கொடுத்து 'மேக்டைட்டில்' என்று ஒரு சொல் எழுதினால் போதும். தனிப்பக்கத்தில் மூன்றும் நடுவில் வந்து நிற்கும். குறிப்புரைக்கு, பாடக்குறிப்புக்கு இது தாராளம். ஆய்வேட்டுக்குப் போதாது. வழிகாட்டியின் பெயருக்கும் பதிவு எண்ணுக்கும் நிறுவனச் சின்னத்துக்கும் அங்கே இடமில்லை. தேதியை நாம் கொடுக்காமல் விட்டால் கோப்பை ஓட்டிய நாளின் தேதி தானாக ஏறிவிடும். மறுநாள் ஓட்டினால் மறுநாள் தேதி. சமர்ப்பித்த படியில் ஒன்று, நூலகப் படியில் வேறொன்று என்று போவது இப்படித்தான்.

ஆகவே 'டைட்டில்பேஜ்' என்ற சூழலைத் திறந்து பக்கத்தை நாமே கட்டுவதுதான் முறை. அந்தச் சூழலுக்குள் பக்க எண் அச்சாகாது. முழுப்பக்கமும் நம் பொறுப்பு. முதல் வரியில் 'சென்டரிங்'. உச்சியில் இடம் விட 'விஸ்பேஸ்' ஆணை. அதோடு நட்சத்திரக்குறி சேர்க்க வேண்டும். பக்கத்தின் தலையில் வரும் வெற்றிடத்தை நட்சத்திரம் இல்லாவிட்டால் டெக் விழுங்கிவிடும். பிறகு தலைப்பு, 'விஃபில்', பெயர், மறுபடி 'விஃபில்', நிறுவனம், ஆண்டு. 'விஃபில்' என்பது மிச்சமிருக்கும் இடத்தையெல்லாம் பங்குபோட்டுக்கொள்ளும் வெற்றிடம். இரண்டு இடத்தில் போட்டால் சரிபாதி. மேலே ஒன்று, கீழே இரண்டு போட்டால் பெயர் பக்கத்தின் நடுவுக்குக் கொஞ்சம் மேலே ஏறும். கண்ணுக்கு அதுதான் நடுவாகத் தெரியும்.

பலரும் இடறும் இடம் தலைப்பின் வரி இடைவெளி. பெரிய எழுத்தில் இரண்டு வரித் தலைப்பு. ஆனால் வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு நிற்கும். காரணம் இதுதான்: வரி இடைவெளியை டெக் பத்தி முடியும் இடத்தில்தான் முடிவு செய்கிறது. எழுத்தைப் பெரிதாக்கும் ஆணையை ஓர் அடைப்புக்குள் வைத்து, பத்தி முடிவதற்கு முன்பே அடைப்பை மூடிவிட்டால், எழுத்து பெரிதாகவும் இடைவெளி சின்ன எழுத்துக்குரியதாகவும் அமைந்துவிடும். அடைப்பை மூடுவதற்கு முன் 'பார்' என்று பத்தியை முடிக்க வேண்டும். ஒரே ஒரு சொல். ஆங்கிலத்தில் இது கண்ணை உறுத்தும். தமிழில் எழுத்தையே சிதைக்கும். மேல்வரியில் 'கு', 'மூ' கீழே இறங்கும்; கீழ்வரியில் 'கி', 'நீ' மேலே எழும்பும். இரண்டும் உரசினால் தலைப்பைப் படிக்க முடியாது.

தமிழ் முகப்புக்கு இன்னும் சில கவனங்கள் வேண்டும். லாடெக் வளர்ந்த மண்ணில் முகப்பின் மேடுபள்ளங்களைக் காட்டப் பேரெழுத்து இருந்தது, சாய்வெழுத்து இருந்தது. நமக்குப் பேரெழுத்து இல்லை. தமிழ் எழுத்தைச் சாய்த்தால் அழகு கெடும். எழுத்தின் அளவு, தடிமன், சுற்றியுள்ள வெளி ஆகிய மூன்றுதான் நம் கருவிகள். பேரெழுத்துத் தலைப்புகளில் எழுத்துக்கு எழுத்து இடம் விடுவது மேல்நாட்டு வழக்கம். அதைத் தமிழில் செய்தால் கொம்பும் காலும் தம் மெய்யைவிட்டு விலகித் தனியே நிற்கும். அதைத் தொடவே கூடாது.

தமிழை டெக்கில் கோக்க யூனிகோடு பரவுவதற்கு முன்பே முயற்சிகள் நடந்தன. அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் தாமஸ் ரிட்ஜ்வே, டெக்குக்கான எழுத்துருக்களை வடிக்கும் மெட்டாஃபான்ட் முறையில் தமிழ் எழுத்துகளை வடித்திருந்தார். ஆனால் ரோமன் எழுத்தில் தட்டித் தமிழாக மாற்ற வேண்டியிருந்தது. 2004இல் ஜோனதன் கியூ வெளியிட்ட ஸீடெக் அந்தச் சுமையை இறக்கியது. தமிழை யூனிகோடில் அப்படியே எழுதலாம். கணினியில் உள்ள எந்த எழுத்துருவையும் அழைக்கலாம். நோட்டோ செரிஃப் தமிழ் போன்ற இலவச எழுத்துருக்கள் முகப்புக்கு நன்றாகவே பொருந்துகின்றன. எழுத்துருவை அழைக்கும் வரியில் 'ஸ்கிரிப்ட்' தமிழ் என்று குறிப்பிட மறக்கக் கூடாது. மறந்தால் 'கெ' என்பதன் கொம்பு எழுத்துக்கு முன்னால் போகாமல் பின்னால் ஒட்டிக்கொள்ளும்.

தலைப்பை எங்கே உடைப்பது என்பதை மட்டும் எந்த மென்பொருளிடமும் விடக் கூடாது. 'பாலாற்று முகத்துவாரத்தில் நிலத்தடி நீரின் உவர்ப்பு' என்று ஓர் ஆய்வுத் தலைப்பை எடுத்துக்கொள்வோம். இயந்திரம் இடத்தை மட்டும் பார்த்து 'பாலாற்று முகத்துவாரத்தில் நிலத்தடி' என்று ஒரு வரியும் 'நீரின் உவர்ப்பு' என்று அடுத்த வரியும் போடும். 'முகத்துவாரத்தில்' என்பதோடு நாமே உடைத்தால், இடம் ஒரு வரி, பொருள் ஒரு வரி. தமிழில் வேற்றுமை உருபு ஏறிய சொல்தான் இயல்பாக மூச்சு நிற்கும் இடம். கம்போசிட்டர்கள் இதை யாரும் சொல்லிக்கொடுக்காமலே செய்துவந்தார்கள்.

தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் முகப்பு வேண்டும் என்றால் இரண்டையும் ஒரே பக்கத்தில் திணிக்காதீர்கள். மாமல்லபுரத்துக்குச் சற்று வடக்கே சாளுவன்குப்பத்தில் அதிரணசண்டன் குடைவரை இருக்கிறது. அங்கே ஒரே சமஸ்கிருதக் கல்வெட்டு ஒரு பக்கச் சுவரில் கிரந்தத்திலும் எதிர்ப்பக்கச் சுவரில் நாகரியிலும் வெட்டப்பட்டிருக்கிறது. ஒவ்வோர் எழுத்து முறைக்கும் ஒரு முழுச்சுவர்! பல்லவர் காலத்துத் தச்சர்கள் எடுத்த அந்த முடிவை நான் அப்படியே பின்பற்றச் சொல்வேன்: இடப்பக்கத்தில் தமிழ் முகப்பு, வலப்பக்கத்தில் ஆங்கில முகப்பு.

கடைசிக் கட்டம் பைண்டிங். கட்டுவதற்காக இடது ஓரத்தில் கூடுதல் இடம் விட்டிருப்போம். அதனால் திரையில் முகப்பு வலப்பக்கம் நகர்ந்ததுபோல் தோன்றும். தைத்துக் கட்டியபின் உள்முகப்பு நடுவில் வந்துவிடும். ஆனால் ரெக்சின் அட்டையில் தங்கநிற எழுத்தில் பொறிக்கக் கொடுக்கும் மாதிரி, தாளின் உண்மையான நடுவில் இருந்தாக வேண்டும். அந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் 'ஜியாமெட்ரி' தொகுப்பின் ஆணையால் ஓரங்களை மாற்றி, அடுத்த பக்கத்தில் பழையபடி மீட்டுக்கொள்ளலாம். அட்டைக்கு எழுத்துக் கோக்கும் பைண்டரிடம் வரி உடையும் இடங்களைத் தாளில் குறித்துக் கொடுப்பது நல்லது.

பீட்டர் வில்சன் என்பவர் லாடெக்கில் செய்யக்கூடிய முகப்புப் பக்கங்களைப் பலவிதமாக வடித்து, மூலவரிகளோடு ஒரே ஆவணமாகத் தொகுத்து, டெக் களஞ்சியத்தில் எல்லோருக்கும் பொதுவாக வைத்திருக்கிறார். தமிழ் முகப்புகளுக்கு அப்படியொரு தொகுப்பு நமக்கு வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் குறுகிவரும் வரிகளை, இன்னார் பரிசோதித்தது என்ற வரியோடு சேர்த்து, லாடெக்கில் மீட்டெடுக்கலாம். கல்பாக்கத்துக்கும் சிறுசேரிக்கும் நம் பல்கலைக்கழகங்களின் தமிழ்த் துறைகளுக்கும் ஏற்ற முகப்புகளைச் செய்துவைக்கலாம். ஒவ்வொன்றும் இருபது முப்பது வரிக்குமேல் போகாது. ஆய்வேடு எழுதி முடித்த மாணவர்களே, உங்கள் முகப்புக் கோப்பை உங்கள் துறையின் நூலகத்தில் மூலவரிகளாகவே கொடுத்துவிட்டுப் போங்கள். அதில் உங்கள் பெயர் இருக்கும் இடத்தில் அடுத்த மாணவர் தம் பெயரை எழுதிக்கொள்வார்.